ஒப்பனைக்கு எல்லை எது?

நோன்புப் பெருநாளுக்கு முந்திய இரவில் பாபநாசம் கடைத்தெரு வழியாக நடந்து சென்றவர்கள் இக்காட்சியை அறிவார்கள். ராஜகிரி, பண்டாரவாடை முதலிய ஊர்களிலிருந்து வந்த குடும்பத்தினர் துணிக்கடைகளில் நிறைந்திருப்பர். துணிக்கடையைவிட வளையல் கடையில் நெரிசல் மிகுந்திருக்கும். மருதாணிக் குழல்கள், சுர்மாச் சிமிழ்கள், முகப்பவுடர், உதட்டுச் சாயம், நகச் சாயம், நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள் பொறித்த களிம்பு டப்பிகள் என்று கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் உலகமே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். அத்தாவின் கையைப் பிடித்து நிற்கும் சிறுமி அவற்றுள் ஒன்றைச் சுட்டிக் காட்டுவாள், அத்தா விலை கேட்பார், பின்னால் நிற்கும் பெரியவர் ஒருவர், "இதெல்லாம் நமக்கு எதற்கு?" என்று முணுமுணுத்தபடி நகர்ந்து செல்வார்.

அந்தப் பெரியவரின் முணுமுணுப்புக்கும் அந்தச் சிறுமியின் ஆசைக்கும் நடுவேதான் நாம் ஆராய எடுத்துக்கொண்ட கேள்வி நிற்கிறது. ஒப்பனை செய்துகொள்வது நன்றா, தீதா? நன்று எனில் எதுவரையில் நன்று? தீது எனில் அத்தீமை யாரிடமிருந்து பிறக்கிறது? டப்பியை வாங்கும் பெண்ணிடமிருந்தா, அவளை வாங்க வைக்கும் நம்மிடமிருந்தா?

அழகு இறைவனின் அருள்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். அழகை வெறுப்பது இறைபக்தியாகாது. தொழுமிடந்தோறும் அலங்காரத்தை எடுத்துக்கொள்ளுமாறு ஆதமின் மக்களைப் பணிக்கும் திருமறை, தன் அடியார்களுக்காக இறைவன் வெளிப்படுத்திய அலங்காரத்தைத் தடைசெய்தவர் யார் என்று அடுத்த வசனத்திலேயே வினவுகிறது. 'அல்-அஃராஃப்' அத்தியாயத்தின் 31, 32ஆம் வசனங்கள் இவை. அலங்காரத்தை அனுமதிக்கும் அதே இடத்தில் வீண் விரயத்தை அவ்வேதம் கண்டிப்பதையும் நாம் மறக்கலாகாது.

பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கையும் இதற்கே சான்று. அவர்கள் தலைமுடியைச் சீவினார்கள், எண்ணெய் தடவினார்கள், நறுமணத்தை நேசித்தார்கள், மிஸ்வாக்கை இறுதி வேளையிலும் விரும்பினார்கள். உள்ளத்தில் அணுவளவு பெருமையுள்ளவன் சுவனம் புகமாட்டான் என்று அவர்கள் எச்சரித்தபோது, தன் ஆடையும் காலணியும் அழகாக இருக்கவேண்டும் என்று ஒருவன் விரும்புவதும் பெருமைதானோ என்ற ஐயம் எழுப்பப்பட்டது. இறைவன் அழகை விரும்புகிறவன் என்று விடையளித்த அண்ணலார், பெருமை என்பது உண்மையை மறுப்பதும் மனிதர்களை இழிவாக நோக்குவதுமே என்று விளக்கினார்கள். 'ஸஹீஹ் முஸ்லிம்' நூலில் இடம்பெற்றுள்ள இந்த நபிமொழியின் முற்பகுதியை நாம் அடிக்கடி எடுத்துக்காட்டுகிறோம். பிற்பகுதியை வசதியாக மறந்துவிடுகிறோம். இக்கட்டுரை அப்பிற்பகுதியைப் பற்றியதே.

அலங்காரம் பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதுமன்று. மனைவி தமக்காக அழகுபடுத்திக்கொள்வதைத் தாம் விரும்புவதுபோலவே, மனைவிக்காகத் தாமும் அழகுபடுத்திக்கொள்வதை விரும்புவதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதாக வந்துள்ளது. சல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள் தம் சகோதரராக்கப்பட்ட அபுத் தர்தா (ரலி) அவர்களின் இல்லத்திற்குச் சென்றபோது, அவ்வில்லத்து அம்மையார் அலங்காரமின்றி எளிய உடையில் இருக்கக் கண்டு காரணம் கேட்டார்கள். கணவருக்கு உலக நாட்டம் இல்லை என்பதே கிடைத்த விடை. இரவெல்லாம் வணங்கிப் பகலெல்லாம் நோன்பிருந்த அந்தக் கணவருக்கு, இறைவனுக்குரிய கடமை போன்றே உடலுக்கும் மனைவிக்கும் உரிமை உண்டு என்று சல்மான் (ரலி) உணர்த்தினார்கள். பெருமானாரும் அதனை உண்மையென ஏற்றார்கள். வாடிய ஒரு பெண்ணின் தோற்றத்தைக் கண்டு அவளைக் குறை கூறாமல், அவ்வாட்டத்தின் காரணத்தை அவள் கணவரிடத்தில் தேடிய அப்பார்வையை நாம் நெஞ்சில் நிறுத்தவேண்டும்.

வேலிகள் எவை?

அருளாயினும் அதற்கு வேலிகள் உண்டு. அன்னியர் பார்வைக்கு அழகைக் காட்சிப்பொருளாக்கலாகாது என்பதை 'அந்-நூர்' அத்தியாயம் வரையறுக்கிறது. பச்சை குத்துவது, அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவது, புருவமுடியைப் பிடுங்குவது ஆகியவை படைப்பை மாற்றும் செயல்களாக நபிமொழிகளில் கண்டிக்கப்பட்டுள்ளன. ஒட்டுமுடி வைப்பதும் அவ்வாறே. நோயினால் முடி உதிர்ந்த புதுமணப்பெண்ணுக்காக அவள் தாயே வந்து கேட்டபோதும் அதற்கு அனுமதி கிட்டவில்லை.

வீட்டுப் பெண்கள் அன்றாடம் எதிர்கொள்ளும் வேலி ஒளுவைப் பற்றியது. மருதோன்றி தோலில் நிறத்தை மட்டுமே விடுகிறது, தண்ணீரைத் தடுப்பதில்லை. நகச் சாயமோ நகத்தின்மேல் ஒரு படலமாகப் படிகிறது. நீர் உட்புகாத நிலையில் ஒளுவும் குளிப்பும் நிறைவேறா என்பது மார்க்க அறிஞர்களின் தீர்ப்பு. நீரில் கரையாதவாறு செய்யப்பட்ட கண்மைக்கும் கனத்த முகப்பூச்சுக்கும் இதுவே பொருந்தும். ஆக, ஐவேளை தொழும் பெண்ணின் ஒப்பனைக்கு இயல்பாகவே ஓர் இலக்கணம் அமைந்துவிடுகிறது: எளிதில் கழுவக்கூடியதாக அது இருக்கவேண்டும். இச்சிறிய சட்டத்திற்குள் பெரிய ஞானம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதனை இறுதியில் காண்போம்.

தாய்மாரின் சிமிழும் இன்றைய டப்பியும்

காவிரிக் கரையில் நம் பாட்டிமார் ஒப்பனை அறியாதவர்கள் அல்லர். கொல்லையில் பறித்த மருதோன்றி இலையை அம்மியில் அரைத்து இரவெல்லாம் கையில் வைத்திருந்து, விடிந்ததும் யாருடைய கை அதிகம் சிவந்தது என்று ஒப்பிட்டு மகிழ்ந்தவர்கள் அவர்கள். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குளியலறை மாடத்தில் இருந்தன. மணமகளுக்கு நலங்கு வைத்தார்கள். சந்தனமும் அத்தரும் மணந்தன. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் சபர் சென்ற ஆண்மக்கள் திரும்பி வருகையில் பெட்டியில் வாசனைப் பவுடரும் செண்டும் இருந்தன. பின்னர் வளைகுடா நாடுகளிலிருந்து வந்தவர்களும் அவ்வழக்கத்தைத் தொடர்ந்தனர். பல ஆண்டுப் பிரிவுக்கு ஈடாக ஒரு டப்பிப் பவுடரா என்று நாம் இன்று எண்ணலாம். ஆனால் அதை அலமாரியில் வைத்து, தீர்ந்த பின்னும் வெற்று டப்பியை எறிய மனமின்றிப் போற்றியவர்களுக்கு அது வெறும் பூச்சன்று.

காலம் மாறிற்று. 1952இல் டாட்டா நிறுவனத்தார் 'லாக்மே'யைத் தொடங்கியபோது உள்நாட்டிலேயே ஒப்பனைப் பொருள்கள் பெருமளவில் உருவாகத் தொடங்கின. ஷாம்பு போன்றவற்றைச் சிறு உறைகளில் அடைத்து விற்கும் முறைக்கு நம் தமிழகத்துக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் வழிகாட்டினார். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் தொடங்கிய 'சிக்' ஷாம்பு சிற்றூர்ப் பெட்டிக்கடைகளில் தோரணமாகத் தொங்கியது. செல்வர் வீட்டு நிலைக்கண்ணாடி முன் இருந்தவை நாற்று நடும் பெண்ணின் சிற்றறையையும் எட்டின. இதில் வருந்த ஒன்றுமில்லை. செல்வர்க்கு மட்டுமே அழகு உரியது என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

குறைந்த செலவில், தீங்கின்றி ஒப்பனை செய்துகொள்ள விரும்பும் சகோதரிகளுக்குச் சில சொற்கள் கூறுவது தவறாகாது. டெல்டாவின் புழுக்கத்தில் கனத்த பூச்சு வியர்வையோடு திட்டுத்திட்டாகிவிடும். அன்றாடத்திற்கு முகத்தை மென்மையான சோப்பால் கழுவி, ஈரம் உலருமுன் ஒரு துளி எண்ணெயோ ஈரப்பதக் களிம்போ தடவி, தேவையெனில் மெல்லிய பவுடரை ஒற்றிக்கொண்டாலே போதும். வெயிலுக்குக் குடையைவிட மலிவான மருந்தில்லை. பெண்கள் மட்டும் கூடும் மாலை விருந்துக்கோ திருமண வீட்டுக்கோ பவுண்டேஷன் பூச விரும்பினால், அதனைக் கையின் பின்புறத்தில் தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், பகல் வெளிச்சத்தில் தாடையோரத்தில் தடவிப் பார்த்து, தோலோடு தோலாக மறைந்துவிடும் நிறத்தையே எடுக்கவேண்டும். ஈரப் பஞ்சினால் சிறிதளவே நடுமுகத்திலிருந்து வெளிப்புறமாகப் பரப்பி, கழுத்திலும் காதோரத்திலும் கலந்துவிட்டால் முகம் முகமூடியாகாது. கண்ணுக்கு மை அழுத்தமானால் உதட்டுச் சாயம் மெலிதாக இருக்கட்டும். உறங்குமுன் தேங்காயெண்ணெயில் தோய்த்த பஞ்சினால் அனைத்தையும் துடைத்துக் கழுவிவிடுங்கள். ஒருவர் கண்ணிலிட்ட சுர்மாக் குச்சியை மற்றவர் பயன்படுத்தாதீர்கள். புதிய களிம்பு எதுவாயினும் முதலில் முழங்கை மடிப்பில் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

சுர்மாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடைகளில் சுர்மா என்று விற்கப்படும் கருந்தூள்களில் சில, காரீயம் அடங்கிய கனிமத்தை அரைத்துச் செய்யப்படுபவை. காரீயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பாதுகாப்பான அளவு என்று அதற்கு ஒன்றில்லை. ஆகவே பச்சிளங் குழந்தையின் கண்ணுக்குச் சுர்மா இடும் வழக்கத்தை விட்டுவிடுவதே நலம். பெருமானார் பரிந்துரைத்த பொருளின் பெயரால் எதையோ அரைத்து விற்பவனிடம் நம் பிள்ளையின் கண்ணை ஒப்படைப்பது சுன்னத்தைப் பேணுவதாகாது.

நாம் தூது சென்ற நாள்

இதுவரை சொன்னவை எளியவை. இனிச் சொல்லப்போவது நமக்கே கசப்பானது.

சில ஆண்டுகளுக்கு முன் பாபநாசத்தை அடுத்த ஓர் ஊருக்கு, உறவினர் மகனுக்காகப் பெண் பார்க்கச் சென்ற கூட்டத்தில் நாமும் இருந்தோம். ஆண்கள் முன்கூடத்தில் அமர்ந்திருந்தோம். பெண்கள் உள்ளே சென்று பார்த்துவிட்டு வந்தனர். வண்டி ஊரெல்லையைத் தாண்டியதும் மூத்தவர் ஒருவர் சொன்னார்: "பொண்ணு அடக்கமான பொண்ணு. நெறந்தான் மட்டு. மூஞ்சியில அப்பியிருந்த பவுடரு கையில இல்லியே, பாத்தீங்களா?" வண்டியிலிருந்தவர்கள் சிரித்தனர். நாமும் புன்னகை செய்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

இரண்டு நாள் கழித்துப் பெண் வீட்டாருக்குச் செய்தி ஒன்று அனுப்பவேண்டியிருந்தது. பெண்ணைப் பிடித்திருக்கிறது, ஆயினும் நிறத்தை மனத்தில் வைத்து நகை விஷயத்தில் பார்த்துச் செய்யட்டும் என்பதே செய்தி. இரு குடும்பத்தையும் அறிந்தவர் என்ற முறையில் அத்தூதைக் கொண்டு சென்றவர் நாமே. அப்பெண்ணின் தகப்பனார் நாம் சொன்னதை அமைதியாகக் கேட்டார். தேநீர் வரவழைத்துத் தந்தார். பிறகு கோபமேதுமின்றி, கணக்குக் கேட்பவர்போல், "நெறத்துக்கு எத்தனை பவுன் போடணும், தம்பி?" என்று வினவினார்.

நம்மிடம் விடை இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால் வளையல் ஓசை ஒன்று எழுந்து அடங்கியது. அப்பெண் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று. அச்சம்பந்தம் நடக்கவில்லை. அவள் வேறிடத்தில் மணம் முடித்து நலமாக இருக்கிறாள். ஆயினும் அந்தக் கேள்வி மட்டும் நம்மை விட்டு நீங்கவில்லை.

மஹர் என்பது ஆண்மகன் பெண்ணுக்குக் கொடுக்கவேண்டியது. அதனைத் தலைகீழாக்கிக் கைக்கூலியாகப் பெண் வீட்டாரிடம் பெறுவதே ஒரு பாவம். அக்கைக்கூலியையும் தோலின் நிறத்தைக் கொண்டு கூட்டிக் குறைப்பதை என்னவென்று சொல்வது? படைத்தவன் கொடுத்த நிறத்துக்காகப் படைப்பினத்திடம் அபராதம் வசூலிப்பதன்றோ இது! அன்று அப்பெண்ணின் முகத்தில் பவுடரை அப்பியது அவள் தாயின் கையாக இருக்கலாம். ஆனால் அதை அப்ப வைத்தது நம் கண்.

சந்தையும் நஞ்சும்

நம் கண்ணின் இப்பலவீனத்தை வணிகர்கள் நன்கு அறிந்திருந்தார்கள். 1975இல் இந்துஸ்தான் லீவர் நிறுவனம் 'ஃபேர் அண்ட் லவ்லி' என்னும் முகக்களிம்பை வெளியிட்டது. சிவப்பு நிறமும் அழகும் ஒன்றே என்ற பொருளை அதன் பெயரே தாங்கியிருந்தது. கறுத்த பெண் வேலை கிடைக்காமலும் மணமாகாமலும் வாடுவதாகவும், களிம்பு பூசியபின் யாவும் கைகூடுவதாகவும் காட்டிய விளம்பரங்கள் நம் வீட்டுக் கூடங்களில் பல ஆண்டுகள் ஓடின. கறுத்த தோலுடையவரைத் தாழ்வாகச் சித்திரிக்கலாகாது என்ற நெறியை விளம்பரத் துறையின் தரக் குழுமம் வகுத்தது 2014இல்தான். 2020இல் உலகெங்கும் நிறவெறிக்கெதிராக எழுந்த குரல்களுக்கிடையே அக்களிம்பின் பெயர் 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றப்பட்டது. பெயர் மாறுவது எளிது. "நிறம் மட்டு" என்ற சொல் நம் வீடுகளிலிருந்து மாறிவிட்டதா?

பெயர்பெற்ற நிறுவனங்களின் பொருள்களை விட்டு, முகவரியற்ற களிம்புகளுக்கு வருவோம். அபாயம் அங்கேதான் மிகுதி. விரைவில் நிறம் தரும் என்று விற்கப்படும் இவற்றுள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. தோலுக்கு நிறமளிக்கும் மெலனின் உருவாவதைப் பாதரசம் தடுக்கிறது. ஆதலால் சில வாரங்களில் முகம் வெளுக்கிறது. ஆனால் பாதரசம் முகத்தோடு நிற்பதில்லை. தோலின் வழியே இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. நம் அண்டை மாநிலத்து மலப்புறம் மாவட்டத்தில், கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனையின் மருத்துவர்கள் இதனைக் கண்டறிந்தனர். 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் வெளியேறும் ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நிறம் தரும் களிம்பைப் பூசிவந்தவர்கள். களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினர் என்பது ஆறுதல். முகம் வெளுக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் முகம் வீங்கியதுதான் அவர்கள் கண்ட பலன்.

ஸ்டீராய்டு களிம்புகளின் கதையும் இத்தகையதே. தோல் நோய்க்காக மருத்துவர் குறுகிய காலத்திற்கு எழுதித்தரும் மருந்தை, நிறம் தருகிறதென்று மாதக்கணக்கில் முகத்தில் பூசுகிறார்கள். தோல் மெலிந்து, சிவந்து, இரத்தக் குழாய்கள் தெரியும்படி ஆகிறது. நிறுத்தினால் எரிச்சல் எடுக்கிறது. எரிச்சலுக்கு அஞ்சி மீண்டும் பூசுகிறார்கள். வட்டிக் கடனைப் போன்றது அது. ஆகவே 2020ஆம் ஆண்டின் ஒப்பனைப் பொருள் விதிகள் வேண்டுகிறபடி, தயாரித்தவர் பெயரும் முகவரியும், உரிம எண்ணும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும், அடங்கியுள்ள பொருள்களின் பட்டியலும் இல்லாத டப்பியை எவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். சபரிலிருந்து வரும் உறவினர் அன்போடு கொண்டுவந்ததாயினும் சரியே.

அரிசி சொல்லும் பாடம்

பாபநாசத்தில் திருப்பாலைத்துறைக் கோயில் வளாகத்தில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். நெல்லை அறிந்த இம்மண்ணுக்கு நிறத்தைப் பற்றிய உண்மை புதிதன்று.

ஆலைகள் வந்தபோது அரிசியைத் தீட்டித் தீட்டி வெண்மையாக்கினோம். வெள்ளை அரிசியே உயர்ந்த வீட்டு அரிசி என்றோம். ஆனால் தீட்டும்போது உதிர்ந்தது வெறும் தவிடன்று. அதில்தான் உயிர்ச்சத்து இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஜாவாத் தீவில், தீட்டிய அரிசியையே தின்ற கோழிகள் நடக்கமுடியாமல் துவண்டு விழுவதைக் கண்டார் எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர். மனிதரைத் தாக்கிய பெரிபெரி நோய்க்கு வழி அங்கே புலப்பட்டது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு பங்கிட்டு அளிக்கப்பட்டது. சிவந்த மாப்பிள்ளைச் சம்பாவும் கறுப்புக் கவுனியும் இழிந்தவை என்று நாம் ஒதுக்கிய காலத்தில், அவற்றைத் தேடித் திரட்டி உழவர்களிடம் சேர்த்தார் இதே டெல்டாவின் நெல் ஜெயராமன். 2018இல் அவர் மறைந்தார். இன்று கறுப்புக் கவுனிக்கு வெள்ளை அரிசியைவிடப் பன்மடங்கு விலை கொடுக்கிறோம். அதன் கருமைதான் அதன் சிறப்பு என்று மெச்சுகிறோம்.

அரிசிக்குக் காட்டும் நியாயத்தை மகளுக்குக் காட்டலாகாதா? தோலின் கருமையும் காரணமின்றி வந்ததன்று. கொளுத்தும் கதிர்களிலிருந்து உடலைக் காக்கும் பொருட்டு இறைவன் நெய்த திரை அது. மொழிகள் வேறுபடுவதும் நிறங்கள் வேறுபடுவதும் தன் அத்தாட்சிகள் என்று 'அர்-ரூம்' அத்தியாயத்தின் 22ஆம் வசனத்தில் அவனே அறிவிக்கிறான். இறைவன் அத்தாட்சி என்று அழைத்ததை நாம் "மட்டு" என்று அழைக்கிறோம்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

"அழகை விரும்புவது இயல்பன்றோ? மணக்க நாடும் பெண்ணைப் பார்த்துக்கொள்ளுமாறு பெருமானாரே சொல்லவில்லையா?" என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வி. முகீரா (ரலி) அவர்களுக்கு அவ்வாறு அறிவுறுத்தியது உண்மை. அது இருவரிடையே அன்பு நிலைப்பதற்குத் துணையாகும் என்று காரணமும் கூறினார்கள். பெண்கள் மணக்கப்படுவதற்குரிய நான்கு காரணங்களுள் அழகையும் எண்ணி, மார்க்கமுடையவளைத் தேர்ந்தெடுக்குமாறு வழிகாட்டினார்கள். ஆகவே மணமகனின் உள்ளம் ஒரு முகத்தை நாடுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

ஆனால் நாம் செய்வது அதுவா? மணக்கப் போகிறவன் பார்த்து மனம் ஒப்புவது வேறு. பத்துப் பேர் வண்டியேறிச் சென்று, மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் ஒரு பெண்ணின் நிறத்தை மதிப்பிட்டு, வாய்விட்டுக் கூறி, சிரித்து, விலையும் பேசுவது வேறு. முன்னது விருப்பம், பின்னது மனிதரை இழிவாக நோக்குதல். அண்ணலார் பெருமைக்குத் தந்த விளக்கம் அச்சொட்டாக இதுவே. அபூதர் (ரலி) போன்ற உயர்ந்த தோழரே ஒருவரின் தாயைச் சுட்டி இழித்துரைத்தபோது, அவரிடம் அறியாமைக் காலத்துக் குணம் எஞ்சியிருப்பதாகப் பெருமானார் கண்டித்தார்கள் எனில், நம்மிடம் என்ன சொல்லியிருப்பார்கள்?

மறுமையில் சில முகங்கள் வெண்மையுறும், சில கருமையுறும் என்று திருமறை கூறுவதைப் பிடித்துக்கொண்டு வாதிடுவோரும் உண்டு. அங்கே பேசப்படுவது செயல்களின் ஒளியும் இருளுமே. பிறந்த நிறம் அன்று. கஅபாவின் மேலேறி பாங்கு சொன்ன பிலால் (ரலி) அவர்களின் முகம் அந்நாளில் எவ்வாறு ஒளிரும் என்பதில் எந்த முஃமினுக்கும் ஐயமிராது.

கழுவிய முகம்

கிராமப்புறத்துத் தோழர் ஸாஹிர் (ரலி) அவர்களைப் பற்றி 'ஷமாயில்' நூலில் ஒரு செய்தி உண்டு. அவர் தோற்றப் பொலிவு உடையவரல்லர். ஒருநாள் சந்தையில் தம் பண்டங்களை விற்றுக்கொண்டிருந்தபோது, பெருமானார் பின்புறமாக வந்து அவரை அணைத்துக்கொண்டு, இந்த அடிமையை வாங்குவார் யார் என்று விளையாட்டாகக் கேட்டார்கள். அணைத்தவர் யாரென்று அறிந்த ஸாஹிர் தம் முதுகை அந்தத் திருமார்போடு சேர்த்துக்கொண்டு, தம்மை விற்றால் மிக மலிந்த சரக்காகவே போவேன் என்றார். அல்லாஹ்விடத்தில் நீர் மலிந்தவரல்லர் என்று விடையளித்தார்கள் அண்ணலார். சந்தையின் நடுவே, விலை பேசும் இடத்திலேயே, விலைக்கு அப்பாற்பட்ட ஒன்றை அவர்கள் நிலைநாட்டினார்கள். "நெறத்துக்கு எத்தனை பவுன்?" என்ற கேள்விக்கு அன்று நாம் சொல்லியிருக்கவேண்டிய விடை இதுதான். காலம் கடந்து நினைவுக்கு வருகிறது.

ஒளுவைப் பற்றித் தொடக்கத்தில் கூறியதற்கு இனித் திரும்புவோம். நாளொன்றுக்கு ஐந்து முறை ஒவ்வொரு முஸ்லிமும் தன் இறைவன் முன் நிற்கவேண்டியவன். அவ்வாறு நிற்பதற்கு முன் முகம் கழுவப்படுகிறது; பூச்சுகள் யாவும் நீங்குகின்றன; படைத்தபடியே அம்முகம் படைத்தவன் முன் நிற்கிறது. அவன் அதை ஏற்கிறான். அம்முகங்களே ஒளுவின் அடையாளத்தால் மறுமையில் ஒளிரும் என்றும் பெருமானார் கூறியிருக்கிறார்கள். ஒப்பனையின் எல்லை எது என்று கேட்டோமன்றோ? கழுவியபின் எஞ்சும் முகத்தைக் கண்டு ஒரு பெண் நாணாதிருக்கும்வரை ஒப்பனை அருள்; அம்முகத்தை அவள் வெறுக்கத் தொடங்கும் இடத்தில் அது தளை. அத்தளையைப் பூட்டுவது பெரும்பாலும் அவளல்லள். அவளைப் பார்க்கும் நாம்.

ஆதலின், பெண் பார்க்கச் செல்லும் வீட்டில் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் உரைப்பதில்லை என்று நம் குடும்பங்கள் உறுதி கொள்ளட்டும். அத்தகைய தூதைச் சுமக்க மறுப்போம். வெயிலில் விளையாடிவிட்டு வரும் மகளிடம் "கறுத்துப் போயிடுவே" என்று அதட்டும் வழக்கத்தைத் தாய்மார் விடட்டும். பெருநாள் இரவில் அவள் காட்டும் வளையலையும் மருதாணியையும் மனமுவந்து வாங்கிக் கொடுங்கள். முகவரியற்ற களிம்பை மட்டும் மறுத்துவிடுங்கள். மறுக்கும்போது அவள் முகம் அழகானது என்று அவளிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அது செலவில்லாத ஒப்பனை.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் முகங்களை அழகாகப் படைத்ததுபோல் நம் பார்வையையும் நம் சொல்லையும் அழகாக்குவானாக! ஆமீன்.